ஏன் விற்கிறார்கள்?

ராசிபுரம் வட்டாரத்தில் விலைக்கு வரும் காடு, தோட்டம், வீடு, மனை எதுவானாலும் சரி, சொந்தக்காரரின் மகன் வெளிநாட்டில்தான் இருப்பான். "பையன் அமெரிக்காவுல செட்டிலாயிட்டானுங்க, இங்க பாத்துக்க ஆளில்லீங்க" என்று புரோக்கர் சொல்லாத நிலம் இந்தப் பக்கம் கிடையாது. கிணறு வற்றிப்போன காடு, வழித்தடம் இல்லாத காடு, பங்காளி வழக்கில் பத்து வருடமாகக் கிடக்கும் காடு, எல்லாவற்றுக்கும் ஒரே அமெரிக்காதான். வாங்க வருகிறவனுக்கும் அது பொய்யென்று தெரியும். தெரிந்தும் கேட்பான். "ஏனுங்க விக்கறாங்க?" என்று கேட்காமல் இங்கே ஒருவனும் முன்பணம் எடுத்து வைத்ததில்லை. நொடித்துப்போனவன் சொத்தை வாங்கினால் அந்த நொடிப்பும் கூடவே வந்துவிடும் என்று பயம்.

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன ஒரே புரோக்கர் சாரதாமணி. சொன்னதோடு நிற்காமல் அதை எழுதியும் வைத்தாள்.

புரோக்கர் ஆவதற்கு முன்னால் அவள் பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் ஆள் வேகும், அப்படிப்பட்ட ஓர் அறை. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை வரும், அளவு வரும், அதற்கு முன்னால் கட்டாயம் ஒரு வரி வரும்: 'எனது குடும்ப அவசியச் செலவுக்காக.' விற்கிறவர் வெளியே பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருப்பார். அவருக்கும் அதே வரிதான். சிரித்துக்கொண்டே காபி குடிப்பவருக்கும் அதே வரிதான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"என்ன அவசியம்னு இன்னொரு வரி எழுதக் கூடாதுங்களா?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மிணி, பத்திரத்துல கதை எழுதக் கூடாது" என்றார்.

அந்தப் பெரியவர் காலமானதும் அவர் வாரிசுகள் அந்த இடத்தை ஜெராக்ஸ் கடையாக்கிவிட்டார்கள். சாரதாமணிக்கு வேலை போயிற்று. அவள் கணவன் நாச்சிமுத்து ரிக் லாரியில் போர்க்கிணறு தோண்ட வடநாட்டுக்குப் போனவன். ஆடி மாதம் நோன்புக்கு வருவான், நான்கு நாள் தூங்குவான், போய்விடுவான். அவன் அனுப்புவதை நம்பி அடுப்பு எரியாது என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த தொழில் நிலம் ஒன்றுதான். புரோக்கர் ஆனாள்.

ஆனால் நிலத் தொழில் நடப்பது டீக்கடையில். விடிகாலையில் பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, எவன் காடு விலைக்கு வருகிறது, எவன் கையில் காசு புரள்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளை போய் அந்தப் பெஞ்சில் உட்கார முடியுமா? அப்படியே அவள் போய் உட்கார்ந்தாலும் அந்த ஆண்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட மாட்டார்களா? போனார்கள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த நவீன்குமார்தான் வழி சொன்னான்.

"நீங்க டீக்கடைக்கு ஏனுங்க்கா போறீங்க? இன்டர்நெட்டுல பிளாக் எழுதுங்க. வாங்கற ஆளு டீக்கடையில இல்லீங்க. பெங்களூர்ல இருக்கறான், துபாய்ல இருக்கறான். ஆபீஸ்ல உக்காந்துட்டு ஊரு பேரக் கூகுள்ல அடிச்சுப் பாத்துட்டு இருக்கறான்."

'காடும் கரையும்' என்று பெயர் வைத்தாள். வாரம் ஓர் இடம். மொபட்டில் போய்ப் பார்த்து, நாலு பக்கமும் நடந்து, பக்கத்துக் காட்டுக்காரரிடம் தண்ணீர் விசாரித்து, வந்து எழுதுவாள். போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த மாதம் வரைக்கும் வரும், பங்குனி பிறந்தால் லாரித் தண்ணீர் யாரிடம் வாங்க வேண்டும், பஸ் நிற்குமா நிற்பது போல வேகத்தைக் குறைத்துவிட்டுப் போய்விடுமா, மழை பெய்தால் சாக்கடை எந்தப் பக்கம் ஏறும், எல்லாம் இருக்கும். பத்திர ஆபீஸில் எழுதக் கூடாது என்று சொன்ன கதை கடைசியில் வரும். அதற்கு அவள் தலைப்பு கொடுத்திருந்தாள்: 'ஏன் விற்கிறார்கள்?' அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, தறி ஓடவில்லை, மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பெயர் போடமாட்டாள், மற்றதெல்லாம் போடுவாள்.

சனங்களுக்கு அது பிடித்துப்போனது. நிலம் வாங்காதவர்களும் படித்தார்கள். வாங்க நினைத்தவர்கள் அவள் நம்பருக்குக் கூப்பிட்டு, "நீங்க எழுதுனா நம்பலாமுங்க" என்றார்கள். கூகுளில் ராசிபுரம் என்று அடித்தால் முதல் வரிசையில் அவள் வந்தாள். டீக்கடை ஆண்கள் அவளைத் தேடி வீட்டுக்கு வந்து, கமிஷனில் பாதி தருகிறோம், எங்கள் காட்டையும் எழுதுங்கள் என்றார்கள். சாரதாமணிக்கு அந்த நாட்களில் நடையே மாறிவிட்டது.

அத்தாயி அவளிடம் வந்தது அந்த நல்ல காலத்தில்தான்.

அத்தாயிக்கு வீடு பட்டணம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில். மூன்று அறை, முன்னால் கொஞ்சம் வாசல், ஓர் இரும்புக் கேட். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கு மாவு காய வைத்துச் சேர்த்த காசில் கட்டியது. புருஷன் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டான். மகள் ராசாத்தியை ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகன் கதிர் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். ஒரு நாள் அம்மா ஆலைக்குப் போயிருந்த நேரத்தில், உள் அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கடன் இல்லை, காதல் இல்லை, யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"என்னால இந்த ஊட்டுல கண்ணு மூட முடியலை சாமி" என்றாள் அத்தாயி. "வித்துக் குடுத்துட்டீன்னா நான் ராசாத்தி ஊட்டுப் பக்கமாப் போயி ஒரு மூலையில கெடந்துக்குவேன்."

சாரதாமணி அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட் வர்ணம் அடித்தது கதிர்தான். நீலம் வாங்கி வந்து மேல்பாதி அடித்ததும் வர்ணம் தீர்ந்துபோனது, அடுத்த வாரம் அடிக்கிறேன் என்றான், கீழ்ப்பாதி துருவாகவே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாவு படிந்த அம்மாவின் சேலைகளை அவனே துவைத்துப் போடுவான், யாராவது பார்த்தால் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுவான். சந்துமுனையில் வரும்போதே வண்டி ஹாரனை இரண்டு தரம் அடிப்பான், அம்மா தோசைக்கல்லை வைக்க வேண்டும்.

"எழுதட்டுங்களாக்கா?" என்று சாரதாமணி கேட்டாள்.

"உள்ளதை எழுது சாமி. பொய் சொல்லி வித்து, நாளைக்கு அவங்க தெரிஞ்சுட்டு வந்து மண்ணை வாரித் தூத்துனாங்கன்னா?"

எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினாள். எழுதி முடித்து அத்தாயிக்குப் படித்துக் காட்டினாள். எழுத்துத் தெரியாத அந்தப் பொம்பளை வாயில் சேலையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னொருக்காப் படி" என்றாள். மறுபடி படித்ததும், "அப்பிடியே எம் பையன்தான்" என்றாள்.

அந்தப் பதிவு ஊரெல்லாம் பறந்தது. வாட்ஸ்அப்பில் போயிற்று, எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் அழுகிற பொம்மை போட்டார்கள், 'அம்மாவின் காலில் விழத் தோன்றுகிறது' என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் ஒருவர்கூட வீட்டை வாங்க வரவில்லை.

பார்க்க வந்தார்கள். பார்க்க மட்டும் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். "வாங்க, தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டுவார்கள், வந்தவர் ஒரு வாயாவது குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். அத்தாயியும் சொம்பை நீட்டினாள். வந்தவர்கள் வாங்கினார்கள், கையில் வைத்துக்கொண்டே மூன்று அறைகளையும் சுற்றினார்கள், எந்த அறை என்று கண்ணால் தேடினார்கள், போகும்போது சொம்பை அப்படியே நிறைந்தபடி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் அத்தாயி அந்தத் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றுவாள். கொஞ்ச நாளில் அவளே தெரிந்துகொண்டாள். சொம்பு நிறைந்திருந்தால், "இவிங்களும் வாங்கலை" என்பாள்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சாரதாமணியைத் தேடி வந்தவர்கள் வேறு வீடுகளை வாங்கினார்கள். "ஒரு சாவையே மறைக்காத பொம்பளை, சாக்கடையையா மறைக்கப்போகுது?" என்று அவர்களுக்கு நம்பிக்கை. அந்த வருடமும் அடுத்த வருடமும் அவள் முடித்துக் கொடுத்த கிரயங்களில் முக்கால்வாசி அத்தாயி வீட்டு வழியாக வந்தவைதான். விற்காத வீடு மற்ற வீடுகளை விற்றுக்கொண்டிருந்தது.

அத்தாயி ஒருநாள் ஆலையிலிருந்து நேரே சாரதாமணி வீட்டுக்கு வந்து நின்றாள். தலைமயிரெல்லாம் வெள்ளை மாவு.

"சாமி, அந்த எழுதுனதை எடுத்துப்போடு. வேற புரோக்கருங்க கூட்டிட்டு வந்தாலும், சந்துப் பேர அடிச்சா அதுதான் வருதாமா. ராசாத்தி போன்ல அழுவுது. எடுத்துப்போட்டா எதோ ஒரு சனம் தெரியாம வாங்கிட்டுப் போவும்."

"சரிங்க" என்றாள் சாரதாமணி.

நவீன்குமாரிடம் கேட்டாள். அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அக்கா, எதை வேணா எடுங்க, அதை மட்டும் எடுத்துராதீங்க. உங்களுக்கு வர்ற கூட்டத்துல பாதி அதுல வந்து எறங்கறதுதான். அதை எடுத்தீங்கன்னா அப்பறம் நீங்க யாரோ, நான் யாரோ."

சாரதாமணி அதை எடுக்கவில்லை. இந்த வாரம் ஒரு கிரயம் இருக்கிறது, முடியட்டும் என்றாள். அப்புறம் ஆடி மாதம், யாரும் எதுவும் வாங்கமாட்டார்கள், எடுத்தால் என்ன எடுக்காவிட்டால் என்ன என்றாள். அத்தாயியே உண்மையை எழுது என்று சொன்னவள்தானே என்றாள். எல்லாம் தன்னிடமே சொல்லிக்கொண்டதுதான். அத்தாயி மறுபடி கேட்டபோது, "எடுக்கறதுக்குச் சொல்லியிருக்கறனுங்க்கா, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் நாளாவும்" என்று சொன்னாள். உண்மையை விற்றுப் பிழைத்தவள் சொன்ன அந்தப் பொய்யை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது. ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தியிடம் கம்ப்யூட்டரைக் காட்டித் தப்பித்தாள்.

ஆண்டுகள் போயின. அத்தாயிக்கு முழங்கால் போனது, ஆலை வேலை நின்றது. கண் மூட முடியாத வீட்டிலேயே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

பிறகு எழுத்தைப் படிக்கிற காலமும் முடிந்தது. புரோக்கர் ஒவ்வொருவனும் ஒரு டிரோன் வாங்கி மேலே பறக்கவிட்டான். காட்டை வானத்திலிருந்து படம் பிடித்து, பாட்டுப் போட்டு, ஒரு பெண்ணை வரப்பில் நடக்கவிட்டு, அரை நிமிடத்தில் ரீல்ஸ் போட்டான். அதில் தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்று கேட்க யாருக்கும் பொறுமையில்லை. எல்லோர் மகன்களும் மறுபடி அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். சாரதாமணியின் பிளாக்கை ஒரு நாளைக்கு நாலு பேர் பார்த்தால் அதிகம். அந்த நாலில் ஒருத்தி அவளேதான். நவீன்குமார் சர்வீஸ் கடையை மூடிவிட்டு டிரோன் பக்கம் போனான். அவன் போட்ட ஒரு வீடியோவைத் தெரிந்தவர்கள் யாரோ அவளுக்கு அனுப்பினார்கள். 'ராசிபுரத்தில் யாரும் வாங்கத் துணியாத வீடு.' நரி ஊளையிடுகிற சத்தம், இருட்டில் ஒரு கேட்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவனைக் கேட்டாள். "உனக்கு மனசாட்சி இருக்குதா நவீனு? அந்தம்மா உசுரோட அந்த ஊட்டுல இருக்குது."

"கதை உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுங்க்கா" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க அதுல தொழில் பண்ணீங்க, நானும் பண்றேன்."

திரும்பி வந்த வேகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பதிவை அழித்தாள். பிரதி எடுத்து வைக்கவில்லை. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. பிரயோசனமாக இருந்தவரை வைத்திருந்து, ஒன்றுக்கும் ஆகாமல் போன நாளில் அழித்தாள். அத்தாயியிடம் போய், "எடுத்துட்டனுங்க்கா" என்று சொன்னபோது அவள், "அப்படியா சாமி, மகராசியா இரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன தை மாதம் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். ரிக் லாரிக்கு உதிரி பாகம் விற்கிறவர், தங்கச்சிக்கு ராசிபுரத்தில் ஒரு வீடு தேடுகிறார். கையில் பட்டன் போன். ரீல்ஸ் பார்க்கிற ஜாதியில்லை. இந்த ஓர் ஆளுக்கு இந்த ஒரு வீட்டை முடித்துவிட்டால் போதும், கமிஷன்கூட வேண்டாம், அத்தாயியை ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிட்டு இந்தத் தொழிலையே தலைமுழுகிவிடலாம் என்று சாரதாமணி நினைத்தாள்.

முதல் நாளே போய் அத்தாயியிடம் சொல்லி வைத்தாள். "நாளைக்கு ஆளு வாராருங்க்கா. என்ன கேட்டாலும் நான் பேசிக்கறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"நான் ஏன் சாமி தொறக்கறேன்?" என்றாள் அத்தாயி. மாலை போட்டிருந்த கதிரின் படத்தை அவளே இறக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். வாசல் பெருக்கினாள். துணிமணி எல்லாம் ஏற்கெனவே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். எத்தனை வருடமாக அந்த மூட்டை கட்டியிருக்கிறது என்று சாரதாமணி கேட்கவில்லை.

மறுநாள் பாதி நீலம், பாதி துருவாக நின்ற கேட்டைத் தள்ளிக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள், சாரதாமணி, அந்தத் திருச்செங்கோட்டுக்காரர், அவர் தங்கச்சி. அத்தாயி சொம்பை நீட்டினாள். அவர் வாங்கி, அண்ணாந்து, கடகடவென்று முழுச் சொம்பையும் குடித்தார். "நல்ல தண்ணிங்க" என்றார். அத்தாயி காலிச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சாரதாமணி பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அறைகளைப் பார்த்தார்கள். தங்கச்சிக்குச் சமையலறை பிடித்தது. உள் அறையில் கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டார்கள். வாசலுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, ஊடு நல்லாத்தான் இருக்குது. ஏன் விக்கறாங்க?"

அந்தக் கேள்விக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்லச் சாரதாமணி தயாராக வந்திருந்தாள். நாக்கு தடுமாறவில்லை. "புள்ளைய ஆத்தூர்ல கட்டிக் குடுத்திருக்குதுங்க. இவிங்களுக்கு முழங்கால் வலி, தனியா இருக்க முடியலை. அதானுங்க."

"பையன் எங்கீங்க இருக்கறாப்ல?"

அமெரிக்கா என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள். சாரதாமணிக்கு அது வாயில் வரவில்லை. இன்னும் சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

"பையனெல்லாம் இல்லீங்க. ஒரே பொம்பளப்புள்ளைதான்."

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்த அத்தாயி, "இருந்தானுங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதிருன்னு பேருங்க. காலேஜெல்லாம் முடிச்சானுங்க. அந்த உள் ரூமுலதானுங்க..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. சாரதாமணியைப் பார்த்து, "என்ன சாமி நீ, நான் அவனைப் பெத்ததே இல்லைங்கற மாதரி சொல்லிப்போட்டே" என்றாள்.

திருச்செங்கோட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "மனசத் தளர உட்டுராதீங்கம்மா" என்று அத்தாயியிடம் சொன்னார். "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்று சாரதாமணியிடம் சொன்னார். தங்கச்சி அதற்குள் கேட்டுக்கு வெளியே போய் நின்றிருந்தாள். கார் சந்தைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

சாரதாமணிக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து வந்திருந்தாள். முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி யாரையும் கூட்டிட்டு வராத சாமி" என்றாள். "நான் இங்கயே கெடந்துக்கறேன். வெறுங்கையோட மருமவன் ஊட்டுக்குப் போவ முடியாது. நீ அந்த எழுதுனதை மறுபடி போட்டுரு."

"எதைங்க்கா?"

"அவனைப் பத்தி எழுதுனயே, அதை. விக்கறதுக்குத்தான எடுக்கச் சொன்னேன்? இனி என்ன விக்கறது. அவன் இருந்தான்னு அது ஒண்ணுலதான் இருக்குது. எனக்கே இப்பல்லாம் பாதி மறந்து போவுது. மாத்தரை தின்னு தின்னு ஒண்ணும் நெனப்பு நிக்கமாட்டேங்குது. இப்ப ஒருக்காப் படிச்சுக் காட்டு."

"சரிங்க" என்றாள் சாரதாமணி. அதே 'சரிங்க'தான்.

போனை எடுத்தாள். திறந்து பார்ப்பது போலத் திரையைத் தள்ளினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதியது தானே, சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பட்டணம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், கிழக்குப் பார்த்த வாசல். ஆயிரத்து இருநூறு சதுரடி. வடக்கே பொதுப்பாதை, தெற்கே ராமசாமி வகையறா வீடு. போர் எழுநூறு அடி, சித்திரையிலும் தண்ணீர் நிற்கும்..."

எல்லாம் வரி பிசகாமல் வந்தது. அத்தாயி காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம்?"

சாரதாமணி போனைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள், அத்தாயி மடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரம் அத்தாயி சொன்னது, தான் எழுதியது, ஆயிரம் பேர் படித்து அழுத வரிகள், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"கதிருக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "கதிருக்கு என்னங்க்கா பிடிக்கும்?"

அத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைத்தான சாமி நான் உங்கிட்டக் குடுத்து வெச்சிருக்கறேன்" என்றாள்.